நள்ளிரவில் உழப்பட்ட ஓடுபாதை



விமான நிலையம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிலே பலர் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. அதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. "பேருந்துக் கட்டணத்துக்கே பெருமூச்சு விடுகிற எங்களிடமா பறக்கும் கதை? சோற்றைப் பேசு, வேலையைப் பேசு, நிலத்தைப் பேசு" என்று கேட்கிறது அந்தப் புன்னகை. பொறுங்கள், தோழர்களே! நான் பேச வந்ததும் நிலத்தைப் பற்றித்தான். ஊருக்குப் பொதுவான நிலத்தை, ஊர் உறங்கும்போது ஒரு கை எப்படி எடுத்துக்கொள்கிறது. எடுத்த கையைத் தடுக்கச் சட்டம் இருந்தும் அது ஏன் தடுக்கவில்லை. இந்த இரண்டையும் எடுத்துக்காட்ட எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று ஒரு சின்னஞ்சிறு விமான நிலையம். ஆகவே அதைப் பேசுகிறேன்.

அமெரிக்க நாட்டிலே சிகாகோ என்றொரு மாநகரம். மிச்சிகன் என்னும் ஏரி. ஏரி என்று பெயர், கண்ணுக்குக் கடல். அதன் கரையிலே வானளாவிய கட்டடங்கள். அந்தக் கட்டடங்களின் காலடியில், ஏரியைத் தூர்த்து மனிதன் உண்டாக்கிய ஒரு நிலத்துண்டு. பெயர் நார்தர்லி தீவு. டேனியல் பர்னாம் என்னும் நகரமைப்பு வல்லுநர் 1909இல் வரைந்து தந்த சிகாகோ திட்டத்திலே, கரையோரமாகத் தீவுகள் வரிசையாக அமையவேண்டும் என்று கண்ட கனவில், நனவானது இந்த ஒன்றுதான். 1933, 1934ஆம் ஆண்டுகளிலே அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. 1948 டிசம்பரில் விமான நிலையம் திறக்கப்பட்டது. மெரில் மெய்க்ஸ் என்னும் பத்திரிகை அதிபர், வானூர்தியிலே பேரார்வம் கொண்டவர். அவர் பெயரை நிலையத்துக்குச் சூட்டினர். மெய்க்ஸ் ஃபீல்டு!

ஒரே ஓடுபாதை. நீளம் ஏறத்தாழ 3,900 அடி. பெரிய விமானங்கள் அங்கே வழக்கமாக இறங்குவதில்லை. சிறு விமானங்கள் வரும், போகும். நோயாளியைச் சுமந்து வரும் விமானம் இறங்கும். உலகம் முழுதும் இலட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அந்த ஓடுபாதை பழக்கமானது. எப்படி என்கிறீர்களா? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கணிப்பொறிக்கென்று வெளியிட்ட விமானம் ஓட்டும் விளையாட்டிலே, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் தொடக்க இடம் மெய்க்ஸ் ஃபீல்டுதான். சிகாகோவைக் கண்ணால் கண்டிராதவனும் அங்கிருந்துதான் முதன்முதலாகப் பறந்தான், தன் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி!

அந்த நிலத்தின்மீது நகர ஆட்சியின் பார்வை விழுந்தது. ரிச்சர்ட் டேலி என்பவர் மேயர். 1989இலிருந்து 2011 வரை அந்தப் பதவியிலே வீற்றிருந்தவர். விமான நிலையத்தை மூடிப் பூங்கா அமைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 1996இலே மூடியும் விட்டார். மாநில ஆட்சி குறுக்கே வந்தது. 1997 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். 2001இல் ஓர் உடன்பாடு: ஓஹேர் என்னும் பெரிய விமான நிலையத்தை விரிவாக்க மாநிலம் இசையும், மெய்க்ஸ் நிலையம் 2026 வரை நீடிக்கும். அந்த உடன்பாட்டுக்கு உறுதி தரவேண்டிய மசோதா, 2002 முடியும்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் நின்றுபோயிற்று. கயிறு அறுந்தது. காவலும் தளர்ந்தது.

2003 மார்ச் 30. ஞாயிற்றுக்கிழமை. ஈராக் போர் தொடங்கிப் பத்தே நாள். மக்கள் மனமெல்லாம் போர்முனையில். பொழுது விடிந்தால் திங்கட்கிழமை, வேலை நாள்; ஊர் உறங்குகிறது. நள்ளிரவு நெருங்கும் வேளை, மண் தோண்டும் எந்திரங்கள் அந்தத் தீவுக்குள் நுழைகின்றன. கூடவே விளக்குகள். கூடவே காவல்துறை. ஓடுபாதையின்மீது, பள்ளிக்கூட வாத்தியார் தவறான விடையை அடிப்பதுபோல, பெரிய பெரிய பெருக்கற் குறிகள்! பலகையிலே சுண்ணாம்புக் கட்டியால் போட்ட குறிகளா? அல்ல, தோழர்களே! கெட்டித்த ஓடுபாதையைப் பிளந்து, தோண்டி, அள்ளி எறிந்து போட்ட குறிகள்! விடிந்தபோது ஓடுபாதை இல்லை. நிறுத்தி வைத்திருந்த 16 விமானங்கள் மட்டும், படி இடிக்கப்பட்ட வீட்டின் மாடியிலே மாட்டிக்கொண்டவர்களைப்போல நின்றன. பிறகு, பக்கத்திலே விமானங்கள் ஊர்ந்து செல்வதற்கென இருந்த குறுகிய பாதையை ஓடுபாதையாக்கி, அவை ஒவ்வொன்றாகப் பறந்து சென்றன.

நாடு முழுதும் வான்வழியை நெறிப்படுத்தும் கூட்டாட்சி வான்துறைக்கு முன்னறிவிப்பு உண்டா? இல்லை! விமானங்களின் உரிமையாளர்களுக்கு? இல்லை! நகர மக்களுக்கு? இல்லவே இல்லை! ஏன் இப்படி என்று கேட்டபோது, மாநகரின் பாதுகாப்புக்காக, வானிலிருந்து வரக்கூடிய தாக்குதலைத் தடுப்பதற்காக என்றார் மேயர்.

நான் நாடகம் எழுதுபவன். நள்ளிரவுக் காட்சி எத்தனையோ எழுதியிருக்கிறேன். கன்னக்கோல் ஏந்தியவனை நள்ளிரவில் அனுப்புவேன். காதலியைக் காணப் போகிறவனை அனுப்புவேன். கட்டியங்காரனை அனுப்பியதில்லை! நல்ல செய்தி கொண்டு வருபவன் பட்டப்பகலில், முரசறைந்து வருவான். பூங்கா அமைப்பது நல்ல செய்திதானே? பாதுகாப்பும் நல்ல செய்திதானே? பிறகு இருட்டு எதற்கு?

இனிமேல்தான் கதையின் உயிர்நிலை. சட்டம் என்ன செய்தது? விமான நிலையத்தை மூடுவதானால் 30 நாள் முன்பே அறிவிக்கவேண்டும் என்று விதி இருந்தது. விதியை மீறினால் நாளொன்றுக்கு 1,100 டாலர் தண்டம். முப்பது நாளுக்குக் கணக்கிடுங்கள்: 33,000 டாலர்! கோடி கோடியாக வரவு செலவு பார்க்கும் ஒரு மாநகராட்சிக்கு 33,000 டாலர் தண்டனையா? அது நுழைவுச் சீட்டு! காசைக் கட்டு, கதவைத் திற, உள்ளே போ!

அம்மட்டோ! விமான நிலையங்களின் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்தே எடுத்து, அந்த விமான நிலையத்தை இடிக்கவும் பூங்கா அமைக்கவும் செலவிட்டார்கள் என்று வான்துறை குற்றம் சாட்டியது. 2006இல் வழக்கு முடிவுக்கு வந்தது. தவறு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளாமலே 33,000 டாலர் தண்டத்தைக் கட்டி, 10 இலட்சம் டாலரைத் திருப்பித் தந்தது நகர ஆட்சி. வீட்டைப் பழுது பார்க்கக் கொடுத்த காசிலே கடப்பாரை வாங்கி வீட்டையே இடித்த கதை!

நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 2003 டிசம்பரிலே, நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை தண்டம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். குதிரை போனபின் இலாயத்துக்குப் பூட்டு! அந்தப் பூட்டும் இன்னொரு குதிரைக்குத்தான் உதவும். மெய்க்ஸ் ஃபீல்டு திரும்பி வரவில்லை.

தோழர்களே! நான் உங்களிடம் ஒப்படைக்க வந்த கருத்து இதுதான். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். சட்டத்தின் தண்டம் எழுதிய இடத்திலே நிற்கும். எந்த நாளில் மீறுவதன் விலை, மீறிப் பெறுவதன் விலையைவிடக் குறைகிறதோ, அந்த நாளில் அந்தச் சட்டம் காவற்காரன் வேலையை விட்டுவிட்டுச் சுங்கம் வசூலிக்க உட்கார்ந்துவிடுகிறது.

எல்லா ஓடுபாதையும் ஒரே இரவில் அழிவதில்லை. நள்ளிரவு எந்திரம் அரிது. பட்டப்பகலில், பல்லாண்டுக் காலம், அங்குலம் அங்குலமாக நெருக்குவதே வழக்கம். கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா மோனிகாவைப் பாருங்கள். 1924 மார்ச் 17இல், உலகத்தை வானிலே சுற்றிவந்த முதல் விமானக் குழு அங்கிருந்துதான் கிளம்பிச் சியாட்டில் நகரம் சென்று பயணத்தைத் தொடங்கியது. 1935 டிசம்பர் 17இல், பயணிகள் விமானத்தின் வரலாற்றையே மாற்றிய டிசி-3 முதன்முதலாக மண்ணைவிட்டு எழுந்தது அங்கேதான். டக்ளஸ் தொழிற்சாலையின் வேலை ஊரை வளர்த்தது. தொழிலாளர்க்கு வீடுகள் எழுந்தன. விமானத்தால் வளர்ந்த ஊர், விமானத்தைச் சுற்றி வளைத்தது. ஓடுபாதையை நீட்ட டக்ளஸ் நிறுவனம் கேட்டபோது குடியிருப்பாளர்கள் மறுத்தனர். புதிய டிசி-8 விமானம் வேறு ஊருக்கு, லாங் பீச்சுக்குப் போயிற்று. வழக்குமேல் வழக்கு. 2017இல் நகரமும் வான்துறையும் ஓர் இணக்கம் கண்டன. அவ்வாண்டு டிசம்பரிலே 4,973 அடி நீள ஓடுபாதை 3,500 அடியாகச் சுருக்கப்பட்டது. 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நிலையத்தையே மூடிவிட நகரத்துக்கு உரிமை உண்டு.

நிலத்துக்குள் கால் வைத்தால்தான் ஆக்கிரமிப்பு என்று எண்ணாதீர்கள். வேலிக்கு வெளியே நின்றபடியே ஓடுபாதையைக் கொல்லலாம்! விமானம் கூரைமேல் விழும் தேங்காய்போல நேராக இறங்குவதில்லை, சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவுக்குள் எதுவும் தலைநீட்டக் கூடாது. சிறு விமானங்களுக்கான ஓடுபாதையின் முனைக்கு அப்பால், 20 அடி தூரத்துக்கு 1 அடி என்ற கணக்கில்தான் உயரம் கூடலாம் என்பது அமெரிக்க அளவுகோல். அந்தக் கோட்டுக்குமேல் ஒரு மாடி எழுந்தால் போதும். ஓடுபாதை இருக்கும், ஆனால் அதன் ஒரு பகுதி இறங்கப் பயன்படாது. இடிப்பார் எவருமின்றியே அது இறந்துபோகும்.

எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கும் இடம் கொடுப்போம். ஓடுபாதையைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துவோம்.

"நீ பணக்காரர்களின் விளையாட்டுத் திடல்!" என்பது முதல் குற்றச்சாட்டு.

"என்மீது பணக்காரர்கள் இறங்குகிறார்கள், உண்மை" என்கிறது ஓடுபாதை. "விமானம் ஓட்டக் கற்கும் மாணவனும் என்மீதுதான் ஓடிப் பழகுகிறான். காட்டுத்தீயை அணைக்கும் விமானம் என்னிடம்தான் வந்து நீர் நிரப்புகிறது. ஒருவர் உடலிலிருந்து எடுத்த இதயம் மற்றொருவர் மார்புக்குப் போகும் அவசரத்தில் என்மீது இறங்குகிறது. அமெரிக்காவிலே பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துள்ள ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களில், சீட்டு வாங்கி ஏறும் பயணிகள் விமானம் வருவது ஏறத்தாழ 500இல்தான். மற்றவையெல்லாம் என் இனம். எங்களை அழித்தால், பெரியவர்கள் வாசலில்தான் எல்லாரும் போய் நிற்கவேண்டும்."

"உன் இரைச்சலால் உறக்கமில்லை, உன் புகையால் நலமில்லை!" என்பது இரண்டாவது.

இது வலுவான குற்றச்சாட்டு, தட்டிக்கழிக்க மாட்டேன். சிறு விமானங்கள் பல, ஈயம் கலந்த பெட்ரோலில்தான் இன்னும் ஓடுகின்றன. குழந்தையின் குருதியிலே ஈயம் கலப்பதை எந்த ஓடுபாதைக்காகவும் ஏற்க முடியாது. ஈயமற்ற எரிபொருளைக் கட்டாயமாக்குங்கள். இரவுப் பறப்பைக் கட்டுப்படுத்துங்கள். ஆனால், நிலையம் முதலில் வந்து வீடு பின்னால் வந்த இடத்தில், குற்றவாளி யார்? இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்தே மனை பிரித்து விற்றவன் இலாபத்தோடு போய்விட்டான். அங்கே வீடு கட்டலாம் என்று கையொப்பமிட்டவர் ஓய்வூதியத்தோடு போய்விட்டார். வாங்கியவனும் ஓடுபாதையும் மட்டும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள்!

"மக்களுக்கு வீடு வேண்டாமா, பூங்கா வேண்டாமா?" என்பது மூன்றாவது.

வேண்டும். நார்தர்லி தீவிலே இன்று புல்வெளி இருக்கிறது, மக்கள் உலவுகிறார்கள், இசை நிகழ்ச்சி நடக்கிறது. அடுக்குமாளிகை எழவில்லை, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஒன்றை எடைபோடுங்கள். பூங்காவை மூன்றாண்டில் அமைக்கலாம். வீட்டை ஓராண்டில் கட்டலாம். வளர்ந்துவிட்ட நகரத்தின் நடுவிலே மூவாயிரம் அடி நேர்நிலத்தையும் அதற்குமேல் திறந்த வானத்தையும் எத்தனை கோடி கொடுத்தும் மீண்டும் வாங்க முடியாது. திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுப்பதற்குமுன் நூறு முறை யோசிக்கச் சொல்வது தவறா?

யோசிக்கவேண்டிய காரணத்தை நம் வாழ்நாளிலேயே கண்டோம். 2015 டிசம்பர்! சென்னை வெள்ளம் நம்மில் எவருக்கு மறக்கும்? மீனம்பாக்கத்து ஓடுபாதையிலே தண்ணீர்; விமான நிலையம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிக்கித் தவித்தனர். அப்போது கை கொடுத்தது எது? அரக்கோணம்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்த விமானத்தளம். போர் முடிந்து, பயன் முடிந்து கிடந்து, 1992இல் கடற்படைத் தளமாக மறுபிறவி எடுத்த இடம். அங்கிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். இடைக்காலத்தில், "சும்மாதானே கிடக்கிறது" என்று அதைத் துண்டு துண்டாக மனை போட்டிருந்தால்?

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். கொச்சியின் பெரிய விமான நிலையத்தை நீர் சூழ்ந்தது. ஆகஸ்ட் 15 முதல் 29 வரை அது இயங்கவில்லை. 1999 வரை கொச்சி மக்கள் பயன்படுத்தி, பின் பொதுப் பயணத்திலிருந்து ஒதுங்கிப்போன வெலிங்டன் தீவின் கடற்படை ஓடுபாதைதான், ஆகஸ்ட் 20 முதல் சிறிய பயணிகள் விமானங்களை ஏற்றுக்கொண்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தை ஹெலீன் புயல் சிதைத்தது. மலைச் சாலைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஹிக்கரி, ஸ்டேட்ஸ்வில் போன்ற சின்ன ஊர் விமான நிலையங்களிலே தொண்டர்கள் குவிந்து, குழந்தைக்குப் பாலும் நோயாளிக்கு மருந்தும் சிறு விமானங்களில் ஏற்றி அனுப்பினார்கள். தீயணைப்பு வண்டி வருடம் முழுதும் சும்மா நிற்கிறதே என்று அதைப் பழைய இரும்புக்கு விற்பவன் சிக்கனக்காரனா, சிந்தனையற்றவனா?

இங்கே ஓர் எல்லைக்கோடு போடவேண்டும். இருக்கும் ஓடுபாதையைக் காக்கச் சொல்கிறேன். ஏழை உழவனின் விளைநிலத்தை விமான நிலையத்துக்கென்று விழுங்கச் சொல்லவில்லை. சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்காக 2018இல் நிலம் எடுக்க முனைந்தபோது உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் நின்ற இடம் நியாயமான இடம். பொது நிலத்தைத் தனியார் பறிப்பதும் கூடாது. பொதுவின் பெயரால் உழவனைப் பறிப்பதும் கூடாது. இரண்டுக்கும் ஒரே விதி: நிலத்தின் தலைவிதியைப் பகல் வெளிச்சத்தில், அந்த மண்ணின் மக்கள் முன்னிலையில் எழுது!

வெளிச்சத்தில் எழுதியவர்கள் உண்டா? உண்டு. சாந்தா மோனிகா மக்கள் 2014 நவம்பரில் வாக்குச்சீட்டால் தீர்ப்பளித்தார்கள்: விமான நிலையம் மூடப்படுமானால், அந்த நிலத்தில் பூங்காவும் விளையாட்டிடமும் போன்றவை தவிர வேறு கட்டடம் எழுப்ப மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று. விமானிகள் விரும்பிய தீர்ப்பல்ல அது. எனக்கும் முழு நிறைவில்லை. ஆனால் அது தீர்ப்பு, கன்னமல்ல!

பெர்லின் நகரின் டெம்பெல்ஹாஃப், சிறு நிலையமல்ல, புகழ்மிக்க நிலையம். 1948, 1949ஆம் ஆண்டுகளில் தரைவழி அடைக்கப்பட்ட மேற்கு பெர்லினுக்கு வான்வழியே உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய இடம். அதை மூடலாமா என்று 2008 ஏப்ரலில் மக்களைக் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் மூடவேண்டாம் என்றனர். ஆயினும் வென்றார்களா? இல்லை! மொத்த வாக்காளரில் நான்கில் ஒரு பங்கின் ஆதரவாவது வேண்டும் என்பது விதி. அந்த அளவு சேரவில்லை. வீட்டிலே உட்கார்ந்திருந்தவர்கள் தோற்கடித்தார்கள்! அவ்வாண்டு அக்டோபர் 30இல் நிலையம் மூடப்பட்டது. ஆறாண்டு கழித்து, அந்தப் பரந்த வெளியின் விளிம்பிலே வீடுகள் கட்ட நகர ஆட்சி திட்டமிட்டபோது, 2014 மே 25இல் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள்; வெளி அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இன்றும் திறந்தே கிடக்கிறது. முதன்முறை பலர் வரவில்லை, ஓடுபாதை போயிற்று. மறுமுறை வந்தார்கள், நிலம் நின்றது. தொண்டன் என்பவன் யார், அவன் வேலை என்ன என்று எவரேனும் கேட்டால், பெர்லின் நகரத்து இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்!

ஆகவே செய்யவேண்டியது என்ன? ஓடுபாதையைச் சுற்றி முதல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, எங்கே வீடு, எங்கே வயல், எங்கே கிடங்கு என்று வரையறுத்துச் சட்டமாக்கவேண்டும். மனை வாங்குகிறவனிடம், "உன் கூரைமேல் விமானம் பறக்கும்" என்று பத்திரத்திலேயே எழுதித் தரவேண்டும். உயரக் கட்டுப்பாட்டை மீறிய மாடிக்கு அபராதம் போதாது. மீறிய மாடியை நீக்கவேண்டும். ஓடுபாதையை அழித்தால், நிலத்தின் மதிப்பையே தண்டமாக வாங்கவேண்டும். மூடுவதா காப்பதா என்பதை மக்கள் மன்றத்தில் கேட்கவேண்டும்.

இவையெல்லாம் ஏட்டில் ஏறினால் போதுமா? சிகாகோவிலும் ஏடு இருந்ததே, தோழர்களே! நில வகை மாற்றம் என்று நாளேட்டின் மூலையிலே பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். மறுப்புத் தெரிவிக்க நாள் குறித்திருப்பார்கள். சினிமா விளம்பரத்தைப் படிக்கும் கண், அதையும் படிக்கட்டும். நகராட்சிக் கூட்டம் நடக்கும். பார்வையாளர் வரிசை காலியாகக் கிடக்கும். அங்கே நான்கு பேர் போய் உட்காருங்கள். வாய் திறக்கக்கூட வேண்டாம். உட்கார்ந்திருந்தாலே போதும், பல தீர்மானங்களுக்குத் தொண்டை அடைக்கும்! உங்கள் ஊரிலே ஓடுபாதை இல்லையா? ஏரி இருக்கும்; மேய்ச்சல் நிலம் இருக்கும்; பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல் இருக்கும். "சும்மாதானே கிடக்கிறது" என்ற சொல் எந்த வாயிலிருந்து எழுகிறதோ, அந்த வாயைக் கவனியுங்கள். அதன் பின்னாலே அளவுச் சங்கிலி வருகிறது.

ஊர் விழித்திருக்கிறது என்று தெரிந்தால், எந்திரம் ஏவுகிறவனுக்கு நள்ளிரவு கிடைக்காது. விழித்திருங்கள்!